தங்கைக்கு அம்மை போட்ட வாரம்

எங்கள் வீட்டு ஃபோனுக்குப் பூட்டு இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஃபோனுக்கு மாத வாடகை கட்டினால் போதும். உள்ளூரில் விடிய விடியப் பேசினாலும் மேற்கொண்டு ஒரு காசு ஏறாது. அதனால் பில்லுக்குப் பயந்து பூட்டினோம் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எங்களுக்கு வழியில்லை. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள், ஆகவே பூட்டு. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி காப்பியைக் குடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

வட்டைச் சுழற்றி எண்களைக் கூப்பிடும் பழைய கறுப்பு ஃபோன் அது. வட்டில் உள்ள ஓர் ஓட்டையில் விரல்நுனி அளவுள்ள பூட்டைச் செருகித் திருகிவிட்டால் வட்டு சுழலாது. வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாம். இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. சாவியை அப்பா அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு ஒரு கால் பண்ண வந்தால், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கிச் சாவியை அவிழ்ப்பார். வந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் அப்போது கல்யாணமாகி தோ பாயோவில் குடியிருந்தேன். ஷென்டன் வே பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஒருநாள் மாலை, கிளம்புகிற நேரத்தில் அப்பா ஃபோன் செய்தார். அப்பா எனக்கு ஃபோன் செய்வதே அபூர்வம்.

"தங்கச்சி உன் வீட்டுக்கு வர்றேன்னு சொன்னாளா?"

"இல்லையேப்பா. ஏன், என்ன ஆச்சு?"

"ஒன்னும் இல்ல. நீ ஆபீஸ் முடிஞ்சு இங்க வந்துட்டுப் போ. வர்ற வழியில யாரு கேட்டாலும் சும்மா வர்றேன்னு சொல்லு."

ஒன்றும் இல்லாததற்கு யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

வீட்டில் நடந்ததை அம்மாதான் அடுப்படியில் வைத்துச் சொன்னாள். அப்பா துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க். முந்தின நாள் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்திருக்கிறார். பூட்டுப் போட்ட ஃபோனில் தங்கை யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தால் எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். யார் அந்தப் பையன் என்று கேட்டிருக்கிறார். பையன் இல்லை, கூடப் படிக்கிற பெண் என்றிருக்கிறாள். பெண் என்றால் ஏன் ஃபோனை வைத்தாள் என்று கேட்டு ஓர் அறை விட்டிருக்கிறார். மறுநாள் காலையில் எப்போதும்போலப் பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனவள், இருட்டியும் வரவில்லை.

அன்றே போலீசுக்குப் போகலாம் என்று சொன்னேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போலீசுக்குப் போனா நாளைக்கே சிராங்கூன் ரோட்டுத் தமிழாளுங்க பூராவுக்கும் தெரிஞ்சிடும். நாளைக்கு இவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட முடியாதபடி அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. அவ்வளவு சின்னதாக அப்பாவை நான் பார்த்ததில்லை.

ஆக, நாங்கள் தேடினோம். தேடுகிறோம் என்று யாருக்கும் தெரியாமல் தேடினோம். நான் அவளுடைய பள்ளித்தோழிகள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய், இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று, என இளித்தேன். அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கதவோரம் கிடந்த செருப்புகளில் அவள் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அப்பா லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கினார். வெறுங்கையோடு வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று ஒவ்வொரு கடையிலும் ஏதாவது வாங்கினார். வீட்டில் கறிவேப்பிலையும் வெற்றிலையும் மல்லிகைச் சரமும் குவிந்தன. அந்தப் பூவை வைத்துக்கொள்ள வேண்டியவள் எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவள் போன மறுநாளே கல்லூரிக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. காய்ச்சல் என்றால் இரண்டே நாள். அதற்குமேல் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள், தோழிகள் பார்க்க வருவார்கள். அப்பா யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். காலையில் ஃபோனைத் திறந்து கல்லூரி அலுவலகத்துக்குப் பேசி, அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அம்மை என்றால் பத்துப் பதினைந்து நாள் யாரும் கேட்கமாட்டார்கள். யாரும் வரமாட்டார்கள். தமிழன் வீட்டில் அம்மை என்றால் அதற்கு ஓர் அடையாளம் வேண்டுமே, அதையும் அவரே போய்க் கொண்டுவந்தார். ஒரு கொத்து வேப்பிலை. அதை வாசல் கிரில் கதவில் கட்டினார்.

அம்மா அழுதுவிட்டாள். "ஆத்தா பேரை வெச்சுப் பொய் சொல்றீங்களே. நெசமாவே வந்து உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள். அப்பா முடிச்சை இறுக்கினார். அம்மா பூஜை மாடத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு ஏதோ நேர்ந்துகொண்டாள்.

வேப்பிலை நன்றாகவே வேலை செய்தது. தாழ்வாரத்தில் போகிற தமிழர்கள் எங்கள் வாசல் வந்ததும் சுவரோரம் ஒதுங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் கிரிலுக்கு வெளியே இளநீர் வைத்துவிட்டு, பிள்ளைக்கு உடம்பு குளிரட்டும் என்று தன் பாஷையில் சொல்லிவிட்டுப் போனார். கல்லூரியிலிருந்து யாரோ ஒரு பை ஆரஞ்சு கொடுத்தனுப்பினார்கள். இல்லாத நோயாளிக்கு வந்த இளநீரை நாங்கள் மூவரும் குடித்தோம். கொட்டினால் மக்சிக் குப்பையில் பார்த்துவிடுவாரே. எத்தனையோ அவமானங்களை மறந்துவிட்டேன், அந்த இளநீரின் ருசி மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஃபோனும் அடித்தது. கூடப் படிக்கிற பெண்கள் நலம் விசாரித்தார்கள். அப்பாவே ஓடிப்போய் எடுப்பார். ஒவ்வொரு முறையும் அவள்தானோ என்ற நினைப்பு அவருக்கு. யாரோ தோழி என்று தெரிந்ததும் குரலை இறக்கிக்கொண்டு, அம்மை போட்டிருக்கு, படுத்திருக்கா, எழுந்து வர முடியாது என்று சொல்லுவார். ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டுவார்.

இதற்கு நடுவில் நான் ஆஸ்பத்திரிக்கும் போனேன். அவசரப் பிரிவு கவுண்டரில், தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி, தமிழ்ப் பெண், இந்த வயசு, என்று யாருக்கோ கேட்பது மாதிரிக் கேட்டேன். பெயர் என்ன என்றாள் நர்ஸ். சொந்தத் தங்கையின் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்புகிற வழியில் காலாங் ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றது. தண்ணீரைப் பார்த்தேன். பார்க்கக் கூடாததை நினைத்துப் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, அப்பாவிடம் கேட்காமல், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அங்கேயும் என் மானத்தை நான் விடவில்லை. யூனிஃபார்ம் போடாமல் வரமுடியுமா என்று கேட்டேன். தமிழ் ஆளாக இல்லாவிட்டால் நல்லது என்றும் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த சீன அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார். மாலையில் சாதாரணச் சட்டையில் ஒரு சார்ஜன்ட் வந்தார். அசல் தமிழர்.

வந்தவர் கிரிலில் வேப்பிலையைக் கண்டதும் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றப் போன கால் அப்படியே பின்வாங்கியது.

"என்னங்க, வீட்ல அம்மையா? எங்கிட்ட சொல்லவே இல்ல லா. என் வீட்ல கைக்குழந்தை இருக்கு. தண்ணி ஊத்தினப்புறம் வரட்டுமா?"

"அம்மை இல்ல சார், உள்ள வாங்க" என்றார் அப்பா மெதுவாக.

"கட்டியிருக்கீங்களே?"

"சும்மா கட்டினது சார்."

"சும்மாவா? அம்மைன்னு சும்மா யாராச்சும் கட்டுவாங்களா?"

சார்ஜன்டுக்குக் கணீரென்ற குரல். தாழ்வாரத்தில் இரண்டு கதவு திறந்தது. மக்சிக்கும் எட்டிப் பார்த்தார். அப்பா வாசலில் நின்று, ஏழாவது மாடி முழுக்கக் கேட்கும்படி, "அம்மை யாருக்கும் இல்ல சார், பொய்யாத்தான் கட்டினேன், நீங்க உள்ள வாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சார்ஜன்ட் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "வழக்கமா யார் யாருக்கு ஃபோன் பண்ணுவா?" என்று மட்டும் கேட்டார்.

"யாருக்கும் பண்ண முடியாது சார். பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட."

"பூட்டின ஃபோன்லதான் பேசிட்டிருந்தான்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது வெளியேருந்து வந்த கால் சார். அந்தப் பையன் பண்ணியிருப்பான்."

அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "வெளியேருந்து வரல" என்றாள்.

நாங்கள் எல்லாரும் திரும்பினோம். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து ஃபோன் முன்னால் உட்கார்ந்தாள். வட்டைத் தொடவே இல்லை. ரிசீவரை எடுத்து, அதை வைக்கும் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பொத்தானை விரலால் தட்ட ஆரம்பித்தாள். டக் டக் டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டக் டக். எண் மூன்றென்றால் மூன்று தட்டு, பூஜ்யமென்றால் பத்துத் தட்டு. வட்டு சுழன்றால் நடப்பதும் இதுதானாம், எனக்கே பிறகுதான் விளங்கியது.

"தினம் மத்தியானம் அவ இப்படித்தான் தட்டுவா. நான் அடுப்படியில கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "கேட்டுக் கேட்டு மனசுல நின்னுடுச்சு. கடைசியில பத்து பத்தா ரெண்டு வரும்."

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?" என்று நான் கத்தினேன்.

"யாரு என்னைக் கேட்டீங்க? சொன்னா, நீயும் கூட்டான்னு உங்கப்பா என்னையும் அடிக்க வருவாரு. நீங்க ரெண்டு பேரும் வெளிய போனப்ப நானே ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன். யாரோ சீனத்துல கத்தினாங்க. பயந்து வெச்சுட்டேன்."

அன்றும் முதல் தடவை சீனக் குரல்தான் வந்தது. அம்மா, சாரி சாரி என்று சொல்லி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு, மறுபடி தட்டினாள். அப்பா பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி போகிற சத்தம் கேட்டதும் அம்மா ரிசீவரை என் கையில் திணித்தாள்.

எடுத்தது நடுவயதுத் தமிழ் அம்மா ஒருவர். நான் இன்னாருடைய அக்கா என்று சொன்னதும் அவர் குரல் மலர்ந்தது.

"ஐயோ, நீங்களா? நானே நெனச்சிக்கிட்டிருந்தேன். வீட்ல அம்மை எப்படியிருக்கு? எறங்கிடுச்சா? தண்ணி ஊத்தியாச்சா? தங்கச்சியைப் பத்தி கவலையே படாதீங்க. எங்க பொண்ணோடதான் படுத்துக்கிறா. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான், ஆனா அம்மைன்னா எங்களுக்கும் தெரியும். முழுசா எறங்கினப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க, அவசரமே இல்ல."

உயிரோடு இருக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்தது. அதற்குமேல் வெட்கமாக இருந்தது. கிராஞ்சியில் பூச்செடி வளர்க்கும் நர்சரி ஒன்றில் அந்தக் குடும்பம் குடியிருந்தது. கணவர் அங்கே லாரி ஓட்டுகிறார். அவர்களுடைய பெண்ணும் என் தங்கையும் ஒரே வகுப்பு. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க வந்தேன் என்று முதல் நாள் போயிருக்கிறாள். மறுநாள், வீட்டில் அம்மை, இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றிருக்கிறாள். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கிறது. ஊருக்குள் லோடு இறக்கப் போன கணவரிடம், அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவரும் எங்கள் மாடி ஏறி, வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். வேப்பிலையைப் பார்த்திருக்கிறார். அம்மை வீட்டில் கதவைத் தட்டக் கூடாதே என்று மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டார்.

சார்ஜன்ட் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "கிடைச்சிட்டால்ல, போதும். போய்க் கூட்டிட்டு வாங்க. அடிக்காதீங்க" என்றார். வாசலைத் தாண்டும்போது வேப்பிலையில் தலை படாமல் குனிந்து போனார்.

அப்பாவும் நானும் கிராஞ்சிக்குப் போனோம். பஸ் மாறி, அரைமணிக்குமேல் காத்து நின்று, கடைசியில் செம்மண் பாதையில் நடந்தோம். அப்பா வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: "அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" அவளிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அவரை அந்தப் பாதையிலேயே விட்டுவிட்டுப் போகலாம் போலிருந்தது.

தகரக் கூரை போட்ட வீடு. முன்னால் வரிசையாகத் தொட்டிகள். தங்கை ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போடவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. அவள் தோழி ஓடிவந்து குழாயை அடைத்தாள். அந்த அம்மா, வாங்க வாங்க என்று நாற்காலி போட்டு, அதற்குள் எப்படி இறங்கியது, யாருக்குப் போட்டிருந்தது என்று அன்பாக விசாரித்தார். கடைசியில் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாறியது. முடித்தபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை, தன் கணவரைப் பார்த்தார். அந்த மனிதர், "நான் ஒரு தட்டு தட்டியிருக்கணும்" என்றார். தட்டாமல் போனதற்கு அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்! நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது எனக்கு.

பிறகுதான் அப்பா தங்கையைப் பார்த்துக் கேட்டார். "ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதாம்மா? உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை?"

"பண்ணேன்" என்றாள்.

"எப்போ?"

"மறுநாளே. நீங்க என்னைத் தேடுறீங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அங்கிள், உங்க பொண்ணு இருக்காளான்னு என் பேரைச் சொல்லிக் கேட்டேன்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அம்மை போட்டிருக்கு, வீட்லதான் படுத்திருக்கான்னீங்க. சரி, நான் வீட்லதானே இருக்கேன், அப்புறம் எதுக்கு வரணும்னு நெனச்சேன். காலேஜுக்கும் போக முடியல, அங்கயும் எனக்கு அம்மை."

"அது நீயா?" என்றார் அப்பா. "குரல் தெரியலயேம்மா."

"எப்படித் தெரியும்? நான் ஃபோன்ல பேசி நீங்க எங்க கேட்டிருக்கீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த அம்மா பேச்சை மாற்ற, சரி சரி, காப்பி குடிக்கலாம் என்று எழுந்தார். தங்கை பையை எடுக்க உள்ளே போகத் திரும்பினாள். கதவருகில் நின்று, அப்பாவிடம் இல்லை, என்னிடம் சொன்னாள்.

"ஃபோனை வெக்கிறதுக்கு முன்னாடி, நீ வெளியில சுத்தாம பத்திரமா இரும்மா, நல்லா சாப்பிடும்மா, ஊரெல்லாம் அம்மையா இருக்குன்னு அப்பா சொன்னாருக்கா. யாரோ ஒரு பொண்ணுன்னு நெனச்சு. எவ்ளோ அன்பாச் சொன்னாரு தெரியுமா? வெச்சப்புறமும் நான் ரிசீவரைக் கையில பிடிச்சிக்கிட்டே நின்னேன்."